ராஜா ஆல்பத்துக்கு ரேங்க் கார்டு எதுக்கு?

ராஜா ரசிகர்களே, ஆட்டோ அனுப்புறதுக்கு முன்னாடி முழுசாப் படிச்சிருங்க. நானும் உங்க கட்சிதான்.

எங்க மாமா வீடு பாளையங்கோட்டையில. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவரும் கூட்டாளிகளும் மொட்டைமாடியில கூடினா ஒரே பேச்சுதான்: இளையராஜாவோட சினிமா அல்லாத ஆல்பங்கள்ல எது ஒஸ்தி? தீர்ப்பு மட்டும் என்னைக்குமே மாறாது. 'ஹவ் டு நேம் இட்' (1986) முதல் இடம், 'நத்திங் பட் விண்ட்' (1988) ரெண்டு, 'திருவாசகம்' (2005) மூணு. 2025 மார்ச் 8-ல லண்டன்ல 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறிச்சில்லா? அந்தச் செய்தி டிவியில ஓடிக்கிட்டு இருக்கும்போதே, ஒரு நோட்டுகூடக் கேக்காம அதுக்கு நாலாம் இடம் ஒதுக்கியாச்சு.

எனக்கு முதல் இடம் 'நத்திங் பட் விண்ட்'தான்னு ஒரு தடவை வாயை விட்டுட்டேன். "ஏல, எண்பத்தாறுல நீ பொறக்கவே இல்ல. ஒனக்கு என்னல தெரியும்?"னாரு மாமா. அத்தோட விவாதம் முடிஞ்சுது.

பி.காம். படிக்கிறவன் கண்ணுக்கு இது கணக்குப் பிழை. மாமா சொன்ன காரணங்களைக் கூட்டிப் பாத்தேன். முதல்ல கேட்ட ராத்திரி, அன்னைக்குப் பெய்த மழை, கூட இருந்த சிநேகிதன், அப்புறம் 'வீடு' படம். எல்லாமே குட்வில்! சரக்கைப் பத்தி ஒரு வரி கிடையாது. பாலுமகேந்திரா 1988-ல 'வீடு' எடுத்தப்ப இந்த ஆல்பத்து இசையைத்தான் பின்னணியா வச்சாரு, வாஸ்தவம். ஆனா நீங்க மார்க் போடுறது வயலினுக்கா, சொக்கலிங்க பாகவதருக்கா?

சரக்குக்கு வருவோம். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' கேளுங்க. பாக் எழுதின வயலின் இசை அதுபாட்டுக்கு ஓடுது, அதுமேல வி.எஸ். நரசிம்மனோட வயலின் நம்ம ஊர் கமகத்தோட வந்து உக்காருது. பிரமாதம், மறுக்கவே இல்ல. ஆனா மொத்தம் பத்துத் துண்டு. ஒவ்வொண்ணும் ஒரு யோசனையைக் காட்டிட்டு ஓடிருது. 'நத்திங் பட் விண்ட்'ல அஞ்சே அஞ்சுதான். ஹரிபிரசாத் சௌராசியாவோட புல்லாங்குழலும் வயலின் கூட்டமும் நிதானமாப் பேசிக்கிறதுக்கு இடம் இருக்கு. முதலாவது, பாபநாசத்துல பாறையில மோதுற தாமிரபரணி. ரெண்டாவது, சீவலப்பேரியில சிற்றாறும் சேந்து அகலமாப் போற தாமிரபரணி. எனக்கு அந்த அகலம் புடிக்குது. தப்பா?

புரோகிரசிவ் ராக் ரசிகர்களும் இப்படி லிஸ்ட் போட்டு அடிச்சிக்கிறவங்கதான். ஆனா அந்த ஆல்பங்களைத் துண்டு போட்டுக் கேக்கவே முடியாது. 'யெஸ்' குழுவோட 'க்ளோஸ் டு தி எட்ஜ்' (1972) இசைத்தட்டுல ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, பதினெட்டு நிமிஷத்துக்கு மேல. பிங்க் ஃபிளாய்டோட 'டார்க் சைட் ஆஃப் தி மூன்'ல (1973) ஒரு பாட்டு அடுத்த பாட்டுக்குள்ள கரைஞ்சு போகும். இங்க அன்னைக்கு என்ன நடந்துச்சு? ரெக்கார்டிங் சென்டர்ல வெத்துக் கேசட்டையும் துண்டுச் சீட்டையும் குடுத்து, புடிச்சதை மட்டும் பதிஞ்சு வாங்குனாங்க. கையில காசு இல்லாத காலம், அதைக் குறை சொல்லல. ஆனா அதை வச்சுக்கிட்டு ஆல்பத்துக்கு ரேங்க் போடலாமா?

போன மாசம் மாமா பீரோவைக் குடைஞ்சப்ப அந்த முதல் இடம் கையில சிக்கிச்சு. அறுபது நிமிஷக் கேசட்டு. அட்டையில அவரோட கையெழுத்து. பத்துத் துண்டுல மூணுதான் இருக்கு, மிச்சமெல்லாம் சினிமாப் பாட்டு. நாப்பது வருஷத் தீர்ப்பு இந்த மூணை வச்சுத்தான்!

அந்த ஆல்பத்துலயே 'டோன்ட் கம்பேர்'னு ஒரு துண்டு இருக்கு. மாமா கேசட்டுல அது இல்ல.

வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டு ஆல்பத்தையும் முழுசா செல்லுல ஏத்திக்கிட்டு மொட்டைமாடிக்குப் போறேன். ஆட்டோ அனுப்புறவங்க திங்கக்கிழமை அனுப்புங்க :-)