சில நாள் கிளம்பும், சில நாள் மறுக்கும் வண்டி



முற்றிலும் கெட்டுப்போன வண்டியைச் சரிசெய்வது எளிது. வாரத்தில் ஐந்து நாள் சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் கிளம்பி, ஆறாம் நாள் இரவில், முதியவர்களும் பிள்ளைகளும் உள்ளே அமர்ந்திருக்கையில் மறுத்துவிடும் வண்டியே நம்மைச் சோதிக்கிறது. மும்பையிலும் புனேயிலும் பெங்களூரிலும் நம்மவர் பலர் இன்னும் பழைய மாருதி 800, சான்ட்ரோ, வேகன் ஆர் முதலிய வண்டிகளையே நம்பியிருக்கிறார்கள். மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. ஆகையால் கடைசியாக வந்ததும் இன்று பழைய வண்டிதான்.

இத்தகைய வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும்? அங்கே அது சாதுவாகக் கிளம்பிவிடும்! பழுது கண்ணுக்குத் தெரியாததால் மெக்கானிக் ஊகிக்கிறார். முதலில் புதிய பேட்டரி, அடுத்த மாதம் செல்ஃப் மோட்டார், பிறகு டைனமோ. மூன்று செலவுகளுக்குப் பின்னும் வண்டி ஒருநாள் நின்றுவிடுகிறது. இதில் ஏமாற்று வேலை இருக்க வேண்டியதில்லை. பேட்டரியை மாற்றும்போது அதன் டெர்மினல்களைக் கழற்றி, சுரண்டி, இறுக்கமாகப் பூட்டுகிறார்கள் அல்லவா? பழுது அந்த டெர்மினலில் இருந்திருந்தால், புகழ் பேட்டரிக்குப் போய்விடும். பழைய பேட்டரி வீணாகக் கழிக்கப்படும். ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே தொடுங்கள். தொட்டதை எழுதி வையுங்கள்.

வண்டியில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். மறுத்த ஒவ்வொரு முறையும் தேதி, எஞ்சின் சூடாக இருந்ததா குளிர்ந்திருந்ததா, எவ்வளவு நேரம் நின்றிருந்தது, மழை பெய்ததா, என்ன சத்தம் கேட்டது, கடைசியில் எதைச் செய்தபோது கிளம்பியது ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கைந்து குறிப்புகள் சேர்ந்தாலே பெரும்பாலும் ஓர் ஒழுங்கு புலப்படும்.

எல்லாவற்றிற்கும் முதற்கேள்வி: செல்ஃப் சுற்றுகிறதா, இல்லையா? "ஸ்டார்ட் ஆகவில்லை" என்ற ஒரே சொல்லில் நாம் இரண்டு வேறுபட்ட பழுதுகளை அடக்கிவிடுகிறோம். "கிர்ர் கிர்ர்" என்று எஞ்சின் நன்றாகச் சுழன்றும் உயிர்பெறவில்லையென்றால் குறை பெட்ரோலிலோ நெருப்புப்பொறியிலோ இருக்கிறது. அங்கே புதிய பேட்டரி எதையும் மாற்றாது. சுழலவே இல்லையென்றால் குறை பேட்டரி, வயர், செல்ஃப் ஆகிய வழியில் இருக்கிறது. அங்கே பிளக்குகளை மாற்றிப் பயனில்லை. தள்ளினால் உடனே கிளம்புகிறது என்பதும் நல்ல சாட்சி: பெட்ரோலும் பொறியும் சரியாகவே இருக்கின்றன.

சுழலாத வண்டியில் முகப்பு விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். விளக்கு அடியோடு அணைந்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது டெர்மினல் சரியாகப் பற்றவில்லை. விளக்கு மங்கி, "டக டக டக" என்று விடாமல் சத்தம் வந்தாலும் ஏறக்குறைய அதே பொருள். விளக்கின் ஒளி சற்றும் குறையாமல் ஒரே ஒரு "டக்" கேட்டால், செல்ஃப் மோட்டாரின் மேலிருக்கும் சாலினாய்டின் செம்புத் தொடுமுனைகளோ, உள்ளே கார்பன் பிரஷ்களோ தேய்ந்திருக்கக்கூடும். எந்தச் சத்தமும் இல்லையென்றால் சாவி சுவிட்சிலிருந்து சாலினாய்டுக்கு வரும் மெல்லிய வயரைச் சந்தேகியுங்கள். சில வண்டிகளில் இடையே ஒரு ரிலேவும் உண்டு. செல்ஃப் மோட்டாரின் உடலைக் கட்டையால் மெல்லத் தட்டியதும் சுற்றினால் பிரஷ் தேய்ந்ததற்கு அது பெரிய அடையாளம். அன்று வீடு சேரலாம். மோட்டாரை விரைவில் கழற்றிப் பார்க்க வேண்டும். தட்டித் தட்டியே ஆறு மாதம் ஓட்டுகிறவர்களும் உண்டு. அவர்களோடு பயணம் செய்ய எனக்கு மனமில்லை.

"ஹாரன் நன்றாக ஒலிக்கிறதே, பிறகு மின்சாரத்தில் எப்படிக் குறை இருக்கும்?" என்று செம்பூர் வாசகி ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. உள்விளக்குக்கு ஓர் ஆம்பியருக்கும் குறைவான மின்சாரம் போதும். ஹாரனுக்குச் சில ஆம்பியர்கள். செல்ஃப் மோட்டாரோ 100 ஆம்பியரையும் கடந்து இழுக்கும். டெர்மினலில் படிந்த துரு 0.02 ஓம் தடையை மட்டுமே தந்தாலும், 100 ஆம்பியர் ஓடும்போது அங்கேயே 2 வோல்ட் தொலைந்துபோகும். விளக்குக்கு அது தெரியவே தெரியாது. மும்பையின் மழை மாதங்களில் டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியும் பொடியைக் காட்டிலும், ஈயமுனைக்கும் கவ்விக்கும் நடுவே மறைந்திருக்கும் கருமையே மோசமானது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு முழுதும் ஓய்ந்திருந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். எஞ்சின் ஓடுகையில் 13.8 முதல் 14.5 வரை இருந்தால் டைனமோ தன் வேலையைச் செய்கிறது. பின்பு ஒருவர் சாவியைத் திருப்பிக்கொண்டிருக்க, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் ஈயமுனையிலும் (கவ்வியில் அல்ல!), மறுமுனையை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் வெகுவாக ஏறினால் எர்த் வயரில் தடை உண்டு. பேட்டரியின் பிளஸ் முனைக்கும் செல்ஃபின் தடித்த வயர் முனைக்கும் இடையே 0.5-க்கு மேல் போகலாகாது. வண்டி மறுக்கும் அந்த வேளையில் எடுத்த அளவே மதிப்புள்ளது. நன்றாகக் கிளம்பும் நாளில் எடுத்தால் எல்லாம் சரியென்றே காட்டும்.

டெர்மினலைக் கழற்றும்போது மைனஸை முதலில் கழற்றுங்கள். பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்டுங்கள். மோதிரமும் கைக்கடிகாரமும் வேண்டாம். பேட்டரியிலிருந்து எரியும் வாயு வெளிவரும்; அருகில் நெருப்பு ஆகாது. சோதிக்கும்போது கியர் நியூட்ரலில் இருக்க, கைப்பிரேக்கை இழுத்திருங்கள். பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃபை அடிக்காமல் இடைவெளி விடுங்கள்.

இனி, சுழன்றும் உயிர்பெறாத வண்டி. இன்ஜெக்ஷன் வண்டியானால் சாவியை "ஆன்" நிலைக்குத் திருப்பியதும் பின்னிருக்கையின் அடியிலிருந்து இரண்டு விநாடி மெல்லிய "ம்ம்ம்" சத்தம் வர வேண்டும். அது ஃபியூயல் பம்பின் குரல். நல்ல நாளில் கேட்டுப் பழகியிருந்தால்தான் கெட்ட நாளில் அது இல்லாதது விளங்கும். சத்தம் இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். நெடுந்தூரம் ஓடி, கால்மணி நேரம் நிறுத்தியபின் மட்டும் மறுத்து, ஆறியபின் கிளம்பினால், எஞ்சின் சுழற்சியை உணரும் சென்சார் சூட்டில் தளர்கிறது என்று ஐயுறலாம். செல்ஃப் மோட்டாருக்கும் சூட்டில் இதே குணம் உண்டு. ஆனால் அப்போது எஞ்சின் சுழலாது. முதற்கேள்வி இங்கேயும் உதவுகிறது. மழைக்காலக் காலைகளில் மட்டும் தொல்லையென்றால் பிளக் வயர்களையும், இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் பாருங்கள். இருட்டில் பானெட்டைத் திறந்து ஒருவர் செல்ஃப் அடிக்க, வெடிப்புள்ள வயரில் நீலப்பொறி தாவுவது தெரியும். கை வைக்காதீர்கள்.

2025-இல் நாடெங்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பு எட்டப்பட்டது. அதற்கு முன் வடிவமைக்கப்பட்ட பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களை மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. கசிவு இருந்தால் அது ஸ்டார்ட் ஆகாத தொல்லையைவிட ஆபத்தானது.

நம்மில் அநேகருக்கு வண்டி ஞாயிற்றுக்கிழமை மட்டுமே வெளியே வருகிறது. இவர்களுடைய பேட்டரிக்கு வேறொரு எதிரி உண்டு. நின்றிருக்கும்போதும் பாட்டுப்பெட்டியும் பின்னால் பொருத்திய ரிமோட் பூட்டும் சிறிது மின்சாரம் குடிக்கின்றன. அது 50 மில்லி ஆம்பியர் என்றாலும் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி, ஏழு நாளில் 8.4. சிறிய வண்டியின் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் இது ஏறக்குறைய கால் பங்கு. கட்டிடத்தின் கீழே ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவதால் இது திரும்பாது. நடுவாரத்தில் ஒருநாள் அரைமணி நேரமாவது சாலையில் ஓட்டுங்கள்.

பட்டறைக்குப் போகும்போது "பேட்டரி மாற்றுங்கள்" என்று சொல்லாதீர்கள். "சூடான பின்பு ஒரே டக், விளக்கு மங்கவில்லை, தட்டினால் சுற்றுகிறது" என்று நோட்டிலிருந்து வாசித்துக் காட்டுங்கள். கூடுமானால் மறுக்கும்போது கைப்பேசியில் சத்தத்தைப் பதிவுசெய்து கொண்டுபோங்கள்.