“பில் எங்கே?” என்று கேளுங்கள்!

“டொக்!”

சத்தம் அவ்வளவுதான். இரண்டு வண்டிகளும் நின்றுவிட்டன.

இடம், கொல்லிமலைப் பாதை. காரவள்ளியில் இருந்து மலை உச்சிக்கு ஏறும் இந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு வளைவு.

மேலே இருந்து ஒரு சிறிய சரக்கு வண்டி இறங்கி வந்தது. ஓட்டி வந்தவர் அரியூர் நாட்டு விவசாயி. வண்டியில் பலாப்பழமும் வாழைத்தாரும் இருந்தன. கீழே இருந்து ஒரு கார் ஏறி வந்தது. மலையைச் சுற்றிப் பார்க்க வந்த குடும்பம். வளைவில் திரும்பும்போது சரக்கு வண்டியின் முனை காரின் முன்பக்க பம்பரை உரசிவிட்டது.

யாருக்கும் காயம் இல்லை. காருக்குள் இருந்த குழந்தைகள்கூட அழவில்லை. ஆனால், கார்க்காரர் கதவைத் திறந்துகொண்டு பாய்ந்து வந்தார்.

“யோவ், கண்ணு தெரியலையா? பம்பர் போச்சு! 25 ஆயிரம் ஆகும். எடு பணத்தை!”

“தெரியாம பட்டுடுச்சுங்க, சார். அவ்வளவு பணத்துக்கு நான் எங்கே போவேனுங்க?”

“பணம் இல்லாவிட்டால் சாவியைக் கொடு! வண்டி இங்கேயே நிற்கட்டும்!”

பின்னால் பஸ் வந்து ஹாரன் அடிக்கிறது. கூட்டம் கூடிவிட்டது. ஆளுக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள். “பாதியாவது கொடுத்துட்டுப் போப்பா” என்கிறார் ஒருவர்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஏற்காட்டிலும் ஊட்டியிலும் நடப்பதுதான். சென்னை அண்ணா சாலையிலும் நடப்பதுதான்.

அந்த விவசாயி என்ன செய்ய வேண்டும்? கேட்ட பணத்தைக் கொடுப்பதா? சண்டைக்கு நிற்பதா?

இரண்டும் வேண்டாம் என்கிறோம் நாம்.

தப்பு வேறு, தொகை வேறு

முதலில் உண்மையைப் பேசுவோம். மலைப் பாதையில் இரண்டு வண்டிகள் தாராளமாக விலகிப் போக இடம் இல்லாவிட்டால், இறங்கும் வண்டி ஓரமாக நின்று, ஏறும் வண்டிக்கு வழி விட வேண்டும். 2017-ம் ஆண்டு வெளியான மோட்டார் வாகன ஓட்டும் விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. அதற்கு முன்பு இருந்த 1989-ம் ஆண்டு விதிகளும் அதையே கூறின. காரணம் எளிது. ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மறுபடியும் கிளப்புவது கஷ்டம். பின்னால் உருண்டுவிடும் ஆபத்தும் உண்டு.

நமது விவசாயி நிற்கவில்லை. ஆகவே, தப்பு அவருடையதுதான். அதை மறைக்கக் கூடாது.

ஆனால், தப்பு ஒருவருடையது என்பதற்காக, மற்றவர் வாயில் வந்த தொகை எல்லாம் நியாயம் ஆகிவிடுமா?

பக்கத்து வீட்டுப் பையன் அடித்த பந்து பட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்தது. கண்ணாடிக்குப் பணம் கேட்டால் நியாயம். “வீடு முழுவதும் வெள்ளையடித்துக் கொடு” என்று கேட்டால் அதற்கு என்ன பெயர்?

நஷ்டத்தை ஈடு செய்வது கடமை. நஷ்டத்தைக் காட்டி லாபம் பார்ப்பது கடமை அல்ல, பேராசை.

தொகை எப்படி உப்புகிறது?

சிறிய உரசல் பெரிய தொகையாக மாறுவதற்குச் சில வழிகள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் வழி: சரி செய்யக்கூடியதை மாற்றச் சொல்வது. பிளாஸ்டிக் பம்பரில் கீறல் மட்டும் விழுந்திருந்தால், தேய்த்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தால் போதும். தகரத்தில் சிறிய பள்ளம் என்றால் டிங்கர் வேலை செய்கிறவர் தட்டி எடுத்துவிடுவார். ஆனால், எஸ்டிமேட்டில் “புதிய பம்பர்”, “புதிய கதவு” என்று எழுதி வரும்.

இரண்டாவது வழி: பழைய காயத்தையும் சேர்ப்பது. போன வருஷம் வீட்டுச் சுவரில் இடித்த கீறலும் இன்றைய கணக்கில் ஏறிவிடும்.

மூன்றாவது வழி: ஒரு கதவில் பட்டதற்கு ஒரு பக்கம் முழுவதும் பெயின்ட் அடிக்கச் சொல்வது.

நான்காவது வழி: இரண்டு கையாலும் வாங்குவது. சாலையில் உங்களிடம் ரொக்கம் வாங்கிக்கொள்வார். பிறகு தமது இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் அதே கீறலுக்குப் பணம் கேட்பார்.

இன்சூரன்ஸ் இருக்கும்போது ரொக்கம் ஏன்?

இப்படிச் சிலர் கேட்கலாம். அதற்கும் காரணம் உண்டு.

வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும் என்பது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். பிறர் பொருளுக்கு நீங்கள் உண்டாக்கும் சேதமும் அதில் அடங்கும். ஆனால், அந்தப் பணத்தைப் பெற, சேதம் அடைந்தவர் மோட்டார் விபத்து இழப்பீட்டு தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டி வரும். ஒரு கீறலுக்காக அவ்வளவு அலைய யாருக்கும் மனம் வராது.

கார்க்காரர் தமது சொந்த பாலிசியில் கேட்கலாம். ஆனால், கம்பெனி முழுத் தொகையும் தராது. வழக்கமான பாலிசியில், மாற்றப்படும் பிளாஸ்டிக், ரப்பர் உறுப்புகளுக்குத் தேய்மானமாக 50 சதவீதம் கழித்துவிடுவார்கள். இரும்பு உறுப்புகளுக்கு வண்டியின் வயதுக்கு ஏற்பக் கழிவு. வயது 10 ஆண்டுக்கு மேல் என்றால் அதற்கும் பாதி போய்விடும். கழிவு வேண்டாம் என்றால் அதற்குத் தனியாகப் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். அதோடு, பல ஆண்டுகளாக விபத்து இல்லாமல் ஓட்டியதற்காகக் கிடைக்கும் போனஸ் தள்ளுபடியும் போய்விடும். அந்தத் தள்ளுபடி 50 சதவீதம் வரை இருக்கும்.

அதனால்தான் பலரும் சாலையிலேயே பேரம் பேசுகிறார்கள். அதில் தப்பு இல்லை. பேரம் நியாயமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

என்ன செய்ய வேண்டும்?

முதலில் வண்டிகளை ஓரம் கட்டுங்கள். அதற்கு முன்பே, அவை நின்ற நிலையிலேயே கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் இருந்து ஒன்று, கிட்டத்தில் இருந்து ஒன்று. பட்ட இடம் தெரிய வேண்டும். பழைய கீறல்கள் இருந்தால் அவையும் தெரிய வேண்டும். வண்டி நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வருத்தம் தெரிவியுங்கள். அதனால் உங்கள் மரியாதை குறையாது. ஆனால், தொகை எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இன்சூரன்ஸ் வழியாகப் போக நினைத்தால், கம்பெனியின் சம்மதம் இல்லாமல் பணம் தருவதாக வாக்குக் கொடுக்கக் கூடாது. பாலிசியிலேயே இந்த நிபந்தனை இருக்கிறது. விபத்து நடந்ததைக் கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும் வேண்டும்.

சாவியையோ லைசென்சையோ பிடுங்கி வைத்துக்கொள்ள எதிராளிக்கு உரிமை கிடையாது. மிரட்டினால் 100 அல்லது 112 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

எஸ்டிமேட்டை எழுத்தில் கேளுங்கள். எந்த உறுப்பு, என்ன வேலை, கூலி எவ்வளவு என்று தனித்தனியாக இருக்க வேண்டும். பிறகு இன்னொரு ஒர்க்‌ஷாப்பிலும் விசாரியுங்கள். கொல்லிமலைக்காரருக்கு இது பெரிய காரியம் அல்ல. மலையை விட்டு இறங்கினால் நாமக்கல். லாரிக்கு பாடி கட்டுவதில் நாடெங்கும் பெயர் வாங்கிய ஊர். தகரம் தட்டவும் பெயின்ட் அடிக்கவும் தெரிந்தவர்களுக்கு அங்கே பஞ்சமா?

வேலை முடிந்ததும் பில்லைப் பாருங்கள். பணம் கொடுக்கும்போது, “இந்த விபத்துக்கான முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்” என்று எழுதி வாங்குங்கள்.

பில்லுக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்லலாம். ஒரு லாரி விபத்தில் இன்சூரன்ஸ் சர்வேயர் நஷ்டத்தைக் குறைவாக மதிப்பிட்டார். லாரிச் சொந்தக்காரர் செலவு செய்ததற்கான அசல் ரசீதுகளைக் காட்டினார். 2009-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு அவர் பக்கமே தீர்ப்பு அளித்தது. சர்வேயரின் மதிப்பீடு முக்கியமானது, ஆனால் அதுவே கடைசி வார்த்தை அல்ல என்று கூறியது.

பில் இருந்தால் பெரிய தொகையும் நிற்கும். பில் இல்லாவிட்டால் சிறிய தொகைக்கும் கால் இல்லை.

விவகாரம் கோர்ட்டு வரை போய்விட்டால், “வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் ஏது?” என்று அரியூர் நாட்டு மக்கள் பயப்பட வேண்டாம். 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

தராசுக்கு இரண்டு தட்டு

இவ்வளவும் சொன்னதால், இடித்தவர் ஏமாற்றிவிட்டுப் போகலாம் என்று எண்ண வேண்டாம். “ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போ” என்று நோட்டை வீசுவதும் அநியாயமே. கார் வைத்திருப்பவர் எல்லாம் பணக்காரர் அல்ல. கடன் வாங்கிக் கார் வாங்கியவர்களும் உண்டு.

நாளை இதே வளைவில் காரே தப்பாக வந்து சரக்கு வண்டியில் மோதலாம். அப்போது ஊர்க்காரர்கள் சூழ்ந்துகொண்டு, “வெளியூர்க்காரன், கறந்துவிடலாம்” என்று நினைத்தால் அதுவும் கொள்ளைதான். ஆள் பலத்தால் தொகை ஏறக் கூடாது. ஆளைப் பார்த்தும் தொகை ஏறக் கூடாது.

இப்போது அந்த வளைவுக்குத் திரும்புவோம். விவசாயி இப்படிச் சொல்லட்டும்:

“தப்பு நடந்துபோச்சுங்க, சார். ஓடிப்போக மாட்டேன். இதுதான் என் போன் நம்பர். வண்டியை ஒர்க்‌ஷாப்பில் காட்டுங்க. எஸ்டிமேட்டை அனுப்புங்க. நானும் விசாரிக்கிறேன். நியாயமான பில்லுக்குப் பணம் தர்றேன்.”

இதைக் கேட்ட பிறகும் கத்துகிறவரிடம் நியாயம் இல்லை என்று கூட்டத்துக்கே விளங்கிவிடும்.

25 ஆயிரம் ரூபாய் மலை விவசாயிக்கு மிளகு விற்ற பணமாக இருக்கலாம். பிள்ளையின் படிப்புக்கு ஒதுக்கிய பணமாக இருக்கலாம். பயத்தினால் அதை வளைவில் வைத்துவிட்டு வர வேண்டியது இல்லை.

கடன்பட்டதைக் கொடுங்கள். கணக்கைக் கேட்டுக் கொடுங்கள்!