விற்க வந்தபோது வழி தெரிந்ததே!

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, கரிசல்காட்டு ஊர் எங்களுடையது. குழாயில் தண்ணி வராத நாளெல்லாம் வீட்டு போர்த் தண்ணிதான். பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. சுண்ணாம்பு அடித்த மாதிரி குடத்துக்குள் வெள்ளை ஏறிக் கிடக்கும். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். என் மகள் பல்லில் பழுப்புக் கோடு விழுந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. பள்ளிக்கூட போட்டோவில்கூட வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிற பிள்ளை அவள்.

அந்த நேரம் பார்த்துத்தான் வந்தான், தண்ணியைச் சுத்தம் செய்கிற ஆர்.ஓ. மிஷின் விற்கிறவன் ஒருத்தன். ரெண்டு கம்பியை எங்கள் தண்ணியில் முக்கிக் கரண்ட் விட்டான். கண் முன்னாலேயே தண்ணி செங்கல் நிறமாகி, சகதியாகி... “இதையா அக்கா பிள்ளைக்குக் குடுக்கீங்க?” என்று கேட்டான். பெற்ற வயிறு என்ன பாடுபடும்? கம்மலை அடகு வைத்து ஆர்.ஓ. மிஷினை மாட்டினோம்.

அந்தச் சகதி எங்கள் தண்ணியில் இருந்ததே இல்லையாம்! பிறகு அறிவியல் வாத்தியார் சொல்லித்தான் தெரிந்தது. உப்புத் தண்ணியில் கரண்ட் ஓடும், ஓடினால் இரும்புக் கம்பி கரையும். நான் பார்த்தது அந்தக் கம்பியின் துரு. ஆர்.ஓ. தண்ணியில் உப்பு குறைவு, கரண்ட் ஓடாது, அது தெளிவாகவே நிற்கும். ஒரு தாயைப் பயமுறுத்த இப்படியுமா வித்தை காட்டுவீர்கள்?

இத்தனை கடினத் தண்ணி நேரே போனால் உள்ளே இருக்கிற மெம்பரேன் அடைத்துப்போகும், முன்னால் அதற்கென்று ஏற்பாடு வேண்டும் என்று ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? ஒரு குடம் நல்ல தண்ணிக்கு ரெண்டு மூணு குடத்தைச் சாக்கடைக்கு விட்டது அந்த மிஷின். கோடைக்குள் சொட்டுச் சொட்டாகி நின்றே போனது. போன் போட்டால், “உங்க பின்கோடுக்கு சர்வீஸ் இல்ல மேடம்.” விற்க வந்தபோது இதே பின்கோடுதானே? பணம் வாங்கும்போது மட்டும் எங்கள் ஊர் மேப்பில் இருந்ததா?

எல்லாவற்றையும்விட இதுதான் என்னைக் கொல்கிறது. பிள்ளையின் பல்லைப் பார்த்தானே, அப்படிக் கறை ஏற்றுகிற ஃபுளோரைடு தண்ணியில் எவ்வளவு என்று அளந்தானா? பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டரைக் காட்டிவிட்டுப் போனான். மொத்த உப்பைச் சொல்லுமே தவிர, அதில் ஃபுளோரைடு எத்தனை என்று அதற்குத் தெரியாது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணிக்கே வழியில்லாத இடத்தில்கூட 1.5-ஐத் தாண்டக் கூடாது என்று இந்தியத் தரநிலை இருக்கிறது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டச் சோதனைக்கூடத்தில் கட்டணம் கட்டினால் பார்த்துச் சொல்வார்கள். இதை ஏன் அவன் வாய் சொல்லவில்லை? தருமபுரி, கிருஷ்ணகிரியில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு என்று அளந்து தெரிந்த பிறகுதானே ஒகேனக்கல் திட்டம் போட்டு, 2013-இல் காவிரியைக் கொண்டுபோனார்கள்? அளக்காமல் எந்த நோய்க்கு எந்த மருந்து கொடுத்தீர்கள் எனக்கு?

இன்றைக்கும் பக்கத்து ஊர்களில் அதே கம்பியை முக்கிக்கொண்டுதான் திரிகிறார்கள். எங்களைப் போல நகையை அடகு வைக்க இன்னும் எத்தனை வீடு வேண்டும் உங்களுக்கு? உங்களுக்கும் பிள்ளை இருக்கும்தானே? சோதனைக்கூடத்துச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு, ரிப்பேர் பார்க்க வருகிறவன் பேரையும் நம்பரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் கேளுங்கள் பணத்தை.