ஆறு ரன் தூரம்

அமெரிக்காவில் பழைய பேஸ்பால் மைதானங்களைப் பார்ப்பதற்கென்றே ஊர் ஊராகப் போகிறவர்கள் உண்டு. பாஸ்டனில் 1912-ல் திறக்கப்பட்ட ஃபென்வே பார்க், சிகாகோவில் 1914-ல் வந்த ரிக்லி ஃபீல்ட் இரண்டும் அவர்களுக்குக் கோயில் மாதிரி. ஆட்டம் இல்லாத நாளிலும் டிக்கெட் வாங்கிச் சுற்றிப் பார்க்கிறார்கள்.

மைசூருக்குப் போகிற நாம் அரண்மனை, சாமுண்டி மலை, மிருகக்காட்சி சாலை என்று பட்டியல் போடுவோம். இந்த முறை அதில் ஒன்றைச் சேர்த்தேன்: பல்கலைக்கழகத்தின் கங்கோத்ரி கிளேட்ஸ் கிரிக்கெட் மைதானம்.

"இன்று மேட்ச் இல்லையே, சார்?" என்றார் ஆட்டோக்காரர்.

"தெரியும். சும்மா பார்க்கத்தான்."

திரும்பிப் பார்த்தார். "ஓ, மும்பை மேட்ச்சா?"

அதேதான். 2010 ஜனவரியில் ரஞ்சி இறுதி ஆட்டம் இங்கே நடந்தது. கர்நாடகத்துக்கு வெற்றி இலக்கு 338. இளைஞர் மனீஷ் பாண்டே 144 ரன் குவித்தார். நான்காம் நாள் அணி 331 ரன்னில் சுருண்டது. மும்பைக்கு 6 ரன்னில் கோப்பை.

மைதானத்தில் நின்றபோது நினைவுக்கு வந்தது நம் சேப்பாக்கம். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று அங்கேதான் தொடங்கியது. சென்னையை எதிர்த்து ஆடியது மைசூர். 48, 59 என்று இரண்டு இன்னிங்ஸிலும் மடிந்தது. ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் சாய்க்க, ஒரே நாளில் ஆட்டம் முடிந்துபோனது. கர்நாடகமாகப் பெயர் மாறிய அந்த அணி, பிற்பாடு பலமுறை கோப்பையை வென்றது. 2015 இறுதி ஆட்டத்தில் தோற்றுப்போனது நம் தமிழ்நாடுதான்.

ஆனால் வென்ற கதை எதையும் ஆட்டோக்காரர் சொல்லவில்லை. "பாண்டே இன்னும் அரை மணி நேரம் நின்றிருந்தால்..." என்று ஆரம்பித்தவர், ரயில் நிலையம் வரும்வரை நிறுத்தவில்லை.

வென்ற கோப்பை கிரிக்கெட் சங்கத்தின் அலமாரிக்குப் போய்விடுகிறது. நூலிழையில் நழுவிய கோப்பை ஊர்க்காரர்களிடமே தங்கிவிடுகிறது. ஒரு மைதானத்துக்குச் சரித்திரம் இருக்கிறதா என்று அறியக் கல்வெட்டைத் தேட வேண்டாம். வாசலில் நிற்கும் ஆட்டோக்காரரைக் கேட்டால் போதும்.