விறகு காய்கிறது, கடன் காயவில்லை!

சமையலறையை விட்டு விறகு வெளியேறிவிட்டது என்கிறார்கள். உண்மைதான். எரிவாயு அடுப்பு குடிசைக்கும் வந்துவிட்டது. ஊதுகுழல் பரணுக்குப் போய்விட்டது. ஆனால் நாட்டை விட்டு விறகு வெளியேறியதா? இல்லை! திருமண மண்டபத்தின் கோட்டை அடுப்பில் எரிகிறது. ரொட்டிக் கடையில் எரிகிறது, செங்கல் சூளையில் எரிகிறது, ஆலைக் கொதிகலனில் எரிகிறது. கடைசியாகச் சுடுகாட்டிலும் எரிகிறது. விறகு தேவைப்படுகிறது, விறகு வெட்டுபவனைத்தான் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை!

திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, செங்குன்றம் பக்கம் போய்ப் பாருங்கள். ஒருபுறம் சிப்காட் தொழிற்பேட்டை, வானை முட்டும் புகைபோக்கிகள். மறுபுறம் சவுக்குத் தோப்பும் கருவேலங்காடும். இவ்விரண்டுக்கும் இடையில் விறகு மண்டி. இந்தத் தொழில் நேற்று முளைத்ததல்ல. ஸ்ரீஅரிக்கோட்டாவிலிருந்தும் பழவேற்காட்டுப் பக்கமிருந்தும் பக்கிங்காம் கால்வாயில் படகேறி வந்த விறகுதான் ஒரு காலத்தில் சென்னையின் அடுப்பை எரித்தது. அதே ஸ்ரீஅரிக்கோட்டாவிலிருந்து 1971-இல் ராக்கெட் கிளம்பத் தொடங்கியது. விண்ணை அளக்கத் தெரிந்த நாட்டுக்கு, விறகை நேர்மையாக எடை போடத் தெரியாதா? இதுதான் நாம் கேட்கும் கேள்வி.

எடையிலே என்ன சூது என்பீர்கள். சொல்கிறோம்.

வெட்டிய மரம் ஈரமரம். அதன் எடையில் பாதி நீர் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் கிலோ விறகில் ஐந்நூறு கிலோ மரம், ஐந்நூறு கிலோ தண்ணீர். அதைப் பிளந்து, தரையில் படாமல் கழிகளின்மேல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேலே தகரம் போட்டு, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிட்டால், கோடை வெயிலும் கடற்காற்றும் நீரை உறிஞ்சிவிடும். ஐப்பசி மழைக்கு முன்பே காய்ந்துவிட்டால், முனையில் வெடிப்பு விழும். இரண்டு கட்டையைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். நூற்றுக்கு இருபது பங்கு ஈரம் மட்டும் மிஞ்சிய நிலையில் அந்த ஆயிரம் கிலோ என்ன ஆகும்? 625 கிலோ! 375 கிலோ காற்றோடு கலந்துவிட்டது.

இப்போது எண்ணிப் பாருங்கள். வெட்டியவனுக்கு டன்னுக்கு இவ்வளவு என்று கூலி. வெட்டிய அன்றே எடை போட்டால் அவன் கணக்கில் ஒரு டன். காய்ந்த பிறகு எடை போட்டால் முக்கால் டன்கூட இல்லை! அவன் வியர்வை குறைந்ததா? கோடரி வீச்சு குறைந்ததா? குறைந்தது கூலி மட்டும்தான். வாங்குபவருக்கோ நேர்மாறு. ஈரவிறகை எடை போட்டு வாங்கினால், விறகு விலைக்குத் தண்ணீர் வாங்குகிறார். கொதிகலனின் வெப்பத்தில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிறது. மிச்சம் புகையாகி ஊரார் நெஞ்சில் இறங்குகிறது. தராசு ஒன்றுதான். அதில் எப்போது ஏற்றுவது என்று முடிவு செய்பவன் கையில் இருக்கிறது இலாபம்!

மண்டிக்காரர் எல்லாரும் கொடியவர் என்று நாம் கூறவில்லை. காயவைப்பது முறையான தொழில். இடம் வேண்டும், முதல் வேண்டும், மழையோடு போராட வேண்டும். அதற்கு இலாபம் நியாயம். ஆனால் மரம் வெட்டும் கூடாரத்தில் நடப்பது என்ன? வெட்டுபவர்களில் பெரும்பகுதி இருளர் பெருமக்கள். மழைக்காலத்தில் வேலையில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல், கையை நீட்டினால் முன்பணம். அந்த முன்பணம்தான் விலங்கு! வெட்ட வெட்டக் கூலி குறைகிறது, கடன் மட்டும் குறைவதில்லை. தந்தை பட்ட கடனுக்கு மகனும் கோடரி தூக்குகிறான்.

கற்பனையா? 2019 சூலையில் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் அன்றைய வேலூர் மாவட்டத்திலும் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டனர். குழந்தைகளும் அதில் உண்டு. மீட்க வந்த அதிகாரியின் காலில் முதியவர் ஒருவர் விழுந்து கிடந்த படத்தை நாடே பார்த்தது. செங்குன்றத்து அரிசி ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் முன்பு மீட்கப்பட்டதுண்டு. சுதந்திர நாட்டின் குடிமகன், சுதந்திரம் கிடைத்ததற்காக ஓர் அதிகாரியின் காலில் விழுகிறான்! வெட்கப்பட வேண்டியவர் யார்? விழுந்தவரா, அவரை விழவைத்த நாமா?

சட்டம் இல்லாமலில்லை. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அத்தகைய கடனையே செல்லாது என்கிறது. மூன்றாண்டு வரை சிறை என்கிறது. கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவன் தலையிலேயே வைக்கிறது. ஆனால் 2016-இன் மறுவாழ்வுத் திட்டமோ முழு உதவித் தொகையை வழக்கின் முடிவோடு பிணைத்துவிட்டது. வழக்கு இழுக்கும், வயிறு இழுக்குமா? மீண்டவன் பழைய மண்டிக்கே முன்பணம் கேட்டுப் போனால் குற்றம் அவனுடையதா?

எனவே நாம் கேட்பது கடினமானதல்ல. வெட்டிய அன்றே, வெட்டியவர் கண்ணெதிரே எடை போடுங்கள். அன்றே சீட்டு, வாரந்தோறும் கூலி என்று ஆக்குங்கள். விற்கும்போது ஈரத்தை அளந்து விலை வையுங்கள். அதற்குக் கையடக்கக் கருவி கடையிலேயே கிடைக்கிறது. மாவட்ட நிருவாகம் மண்டிக் கணக்கைப் பார்ப்பதோடு நிற்காமல், வெட்டும் கூடாரத்துக்கும் நடக்கட்டும். ஆலை முதலாளிகளும் விறகு விலையைக் கேட்பதோடு, வெட்டிய கைக்கு விலங்கு உண்டா என்றும் கேட்கட்டும். மீண்டவருக்குரிய தொகை, வழக்கு முடியும்வரை காத்திராமல் கைக்கு வரட்டும்.

ஈரவிறகு எரியாது, புகையும். ஏழையின் நெஞ்சும் இத்தனை காலம் புகைந்துகொண்டுதான் இருக்கிறது. அதுவும் ஒரு நாள் காயும் என்பதை ஆட்சியாளர்கள் மறக்கலாகாது.