தேக்கம்பட்டிப் பாட்டி

கேள்வி: எங்கள் அம்மாவுக்கு 78 வயது. இன்னும் தினமும் கழனிக்குப் போகிறார். போதும் என்று நிறுத்திவிடலாமா? – வாசகர், வாலாஜாபாத்

பதில்: மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியில் பாப்பம்மாள் என்று ஒரு பாட்டி இருந்தார். 1914-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தார். பாட்டியின் மளிகைக் கடையை நடத்தி, அந்த வருமானத்தில் சுமார் 10 ஏக்கர் வாங்கினார். பிற்காலத்தில் அத்தனையும் பார்க்க முடியாமல் ஒரு பகுதியை விற்றார். இரண்டரை ஏக்கரை மட்டும் விடவில்லை. நூறு வயதைத் தாண்டியும் அதில் இயற்கை முறையில் வாழையும் காய்கறியும் விளைவித்தார். கோவை வேளாண் பல்கலைக்கழகக் கூட்டங்களில் எழுந்து கேள்வி கேட்பார். 2021-இல் பத்மஸ்ரீ விருது. 2024 செப்டம்பர் 27-இல் காலமானார்.

அவர் நிலத்தைக் குறைத்தார், நிறுத்தவில்லை. உங்கள் அம்மாவுக்கும் அதுதான் சரி. வீட்டருகே ஐந்து சென்ட் காய்கறி போதும். வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். மருந்து அடிக்கும் நாளில் கழனிப் பக்கமே வேண்டாம். சுரை விதையை எந்தக் காயில் எடுக்கிறார், சாம்பலில் எப்படிப் புரட்டி வைக்கிறார் என்று பேரப்பிள்ளைகள் கூடவே நின்று பார்க்கட்டும், இந்தப் பட்டத்திலேயே.