தாய்மரம் சாயும் முன்

மாரி தொடங்குமுன் வளவில் என்ன கன்று வைக்கலாம் என்று கேட்டு வாசகர் பலர் எமக்கு எழுதுவதுண்டு. மா, பலா, தோடை, கொய்யா எனப் பெயர்களை வரிசைப்படுத்தி விடையளித்தல் எளிது. ஆனால் இக்கிழமை அக்கேள்விக்கு முன்னே வைக்கவேண்டிய வேறொரு கேள்வியை நாம் கேட்க விரும்புகிறோம். உங்கள் வளவில் இப்பொழுது நிற்கும் பழைய மரத்துக்கு என்ன செய்தீர்கள்?

இக்கேள்வியைக் கேட்கும் உரிமை எமக்குண்டு. ஏனெனில் நாமே அதற்கு விடையளிக்கத் தவறியவர்கள்.

எமது தந்தையாரின் வளவிலே கிணற்றடியில் ஒரு மாமரம் நின்றது. அது கறுத்தக்கொழும்பானுமன்று, வெள்ளைக்கொழும்பானுமன்று, அம்பலவியுமன்று, செம்பாடுமன்று. ஆச்சி எங்கிருந்தோ கொண்டுவந்து தின்றுவிட்டுப் புதைத்த கொட்டையில் முளைத்தது என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். இனப்பெயர் இல்லாமையால் வீட்டார் அதனைக் 'கிணற்றடி மா' என்றே அழைத்தனர். பழம் பெரிதன்று, தோல் தடித்தது, கனிந்தபின்னும் பச்சை நிறம் முற்றாக மாறாது. ஆனால் அதன் சுவை வேறு எந்தப் பழத்திலும் எமக்குக் கிட்டியதில்லை.

1995ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது எமக்குப் பதினான்கு வயது. அடுத்த வைகாசியில் திரும்பி வந்தோம். வீட்டின் கூரையில் பாதி இல்லை. கிணற்றடியிலோ, பறிப்பாரும் பொறுக்குவாருமின்றி உதிர்ந்த பழங்கள் நிலமெங்கும் கிடந்தன. கொப்புகளில் இன்னும் காய் இருந்தது. அன்று மாலை நாம் உண்ட உணவு அம்மரம் தந்ததே. ஆச்சி அதனடியில் அமர்ந்து, ஒரு பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாதிருந்தார்.

பின்னர் மரம் தளர்ந்தது. அடிமரத்தில் கறையான் ஏறியது. 2002ஆம் ஆண்டில், மரம் போய்விடுமே என்ற கவலையால், அதன் கொட்டை ஒன்றையே எடுத்து வளவின் மறுபுறத்தில் நட்டோம். தாய் போனாலும் பிள்ளை நிற்கும் என்பது எமது எண்ணம். 2008ஆம் ஆண்டு கார்த்திகையில் 'நிஷா' சூறாவளியின் மழை குடாநாட்டை வெள்ளக்காடாக்கியபோது கிணற்றடி மா வேரோடு சாய்ந்தது. கொட்டையில் முளைத்த பிள்ளை மரம் 2010இல்தான் முதன்முதலாகக் காய்த்தது. ஆவலோடு பழத்தை வெட்டினோம். சிறிய பழம், நார் மிகுதி, புளிப்பு. அது வேறு மரம்.

ஏன் இவ்வாறு நிகழ்ந்தது? விடை மாங்கொட்டையினுள் இருக்கிறது. சில மா இனங்களின் கொட்டையில் ஒரேயொரு முளையந்தான் உண்டு. அது பூவில் மகரந்தம் சேர்ந்து கருக்கட்டியதால் உண்டானது. ஆகவே அதிலிருந்து எழும் கன்று தாயின் குணத்தோடு, தேனீயோ ஈயோ எம்மரத்திலிருந்து மகரந்தத்தைக் கொணர்ந்ததோ அம்மரத்தின் குணத்தையும் கலந்து பெறும். வேறு சில இனங்களின் கொட்டையில் பல முளையங்கள் இருக்கும். அவற்றுட் பெரும்பாலானவை தாயின் இழையத்திலிருந்தே தோன்றுவன. அவை தாயைப் போலவே காய்க்கும். எமது கிணற்றடி மா முதல்வகையைச் சேர்ந்தது போலும். அதனை நாம் அறிந்துகொள்ள எட்டு ஆண்டுகள் சென்றன. அறிந்தபோது தாய்மரம் இல்லை.

மனிதருள் ஒருவரைப் போல் இன்னொருவர் பிறப்பதில்லை அல்லவா? கொட்டையில் முளைத்த மாமரமும் அத்தகையதே. அது சாய்ந்தால் அதன் சுவையும் அதனோடு சாய்ந்துவிடும். எந்த நாற்றுமேடையிலும் அதனை விலைக்கு வாங்க முடியாது. தப்பவைக்கும் வழி ஒன்றே. மரம் உயிரோடிருக்கும்போது அதன் கொப்பின் நுனியை எடுத்து வேறொரு கன்றில் ஒட்டுதல்.

இவ்வழியின் ஆற்றலுக்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ருடோல்ப் ஹாஸ் என்ற தபாற்காரர் தமது தோட்டத்தில் பட்டர்புறூட் கன்று ஒன்றை வளர்த்தார். அதில் வேறோர் இனத்தை ஒட்ட முயன்றார், ஒட்டுப் பிடிக்கவில்லை. கன்றைத் தன்போக்கில் வளரவிட்டார். அது தந்த காய் பிற இனங்களை வென்றது. 1935இல் அவர் அதற்கு உரிமைப்பத்திரம் பெற்றார். இன்று உலகச் சந்தைகளில் விற்கப்படும் 'ஹாஸ்' பட்டர்புறூட் அனைத்தும் அந்த ஒரு மரத்தின் வழிவந்த ஒட்டுகளின் காய்களே. அத்தாய்மரம் வேரழுகல் நோயால் 2002இல் மாண்டது. ஆயினும் அதன் சுவை மாளவில்லை. எமது கிணற்றடி மா சாய்ந்தபோது சுவையும் சேர்ந்து போயிற்று. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு கத்தியும் சிறிது கட்டும் நாடாவுமே.

இப்பாடத்தைக் காலங்கடந்து கற்ற எமக்கு 2017ஆம் ஆண்டு ஆவணியில் ஒரு வாய்ப்புக் கிட்டியது. எமது வகுப்பு மாணவன் ஒருவன் வந்து, "சேர், எங்கட அம்மம்மாவின்ரை வளவைப் பிரிக்கினம். மாமரம் எல்லையிலை நிக்குதாம். தையிலை தறிக்கப் போயினம்" என்றான். அம்மையாரின் பெண்மக்கள் இருவருக்கும் வளவு பங்கிடப்பட்டது. எல்லைக்கோடு மரத்தின் அடி வழியே சென்றது. மரம் யாருக்கு என்பதில் சகோதரிகளிடையே மனத்தாங்கல் ஏற்பட, தறித்துவிடுவதே நீதி என்று பெரியோர் முடிவு செய்திருந்தனர். அதுவும் கொட்டையில் முளைத்த, பெயரில்லாத மரமே.

நாம் மாணவரோடு சென்று பார்த்தோம். வழக்கில் நாம் தலையிடவில்லை. கொப்புக்கு மட்டும் அனுமதி கேட்டோம். பாடசாலைத் தோட்டத்தில் ஆடி மாதத்தில் நட்ட மாங்கொட்டைகள் முளைத்துப் பொலித்தீன் பைகளில் கன்றுகளாக நின்றன. அவற்றுட் பத்தில் ஒட்டினோம்.

ஒட்டும் முறையை இங்கே கூறுவோம். இல்லத்தார் எவரும் செய்யத்தக்கதே. முதலில் ஒட்டுக்கட்டை வேண்டும். உண்ட மாங்கொட்டையைக் காயவிட்டு வைத்தல் ஆகாது. சில வாரங்களுக்குள் அது முளைக்கும் திறனை இழந்துவிடும். சதையைக் கழுவி, மேலோட்டைப் பக்குவமாக நீக்கி உள்விதையை உடனே நட்டால் விரைவில் முளைக்கும். இரண்டு மூன்று மாதங்களில் தண்டு ஒட்டுதற்கு ஏற்ற பருவத்தை அடையும்.

அடுத்து ஒட்டுமுளை. தாய்மரத்தில் மூன்று நான்கு மாத வயதுடைய, நோயற்ற, ஒட்டுக்கட்டையின் பருமனை ஒத்த நுனிக்கொப்பைத் தெரிய வேண்டும். அதன் இலைகளைக் காம்பு மட்டும் நிற்கும்படி நறுக்கிவிட்டு ஏழு முதல் பத்து நாட்கள் மரத்திலேயே விடுக. அரும்பு பருத்துத் துளிர்க்க ஆயத்தமாகும். முதிர்ந்து தளர்ந்த மரத்தில் இத்தகைய இளங்கொப்புக் கிடைப்பது அரிது. அவ்வாறாயின் ஒரு கொப்பைக் குறுக்கி வெட்டினால் புதிய தளிர்கள் எழும். அவை முற்றும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவேதான் மரம் சாகுந் தறுவாயில் ஓடுவதிற் பயனில்லை என்கிறோம்.

பின்னர் கன்றின் தலையை வெட்டி, தண்டின் நடுவே ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலாகப் பிளக்க வேண்டும். நான்கைந்து அங்குல நீளமான ஒட்டுமுளையின் அடியை இருபுறமும் சீவி ஆப்புப் போலாக்கி அப்பிளவிற் செருகுக. பட்டைக்கும் கட்டைக்கும் இடையே மாறிழையம் என்னும் மெல்லிய உயிர்ப்படை உண்டு. இரண்டின் மாறிழையமும் ஒரு பக்கத்திலாவது ஒன்றோடொன்று பொருந்தினாலே ஒட்டுப் பிடிக்கும். கத்தி கூரியதாயும் சுத்தமாயும் இருத்தல் வேண்டும். சீவிய முகத்தை விரலால் தொடலாகாது. பொலித்தீன் நாடாவால் இறுகக் கட்டி, ஈரம் போகாதபடி மேலே சிறு பொலித்தீன் உறையால் மூடி நிழலில் வைக்க வேண்டும். இரண்டு மூன்று கிழமைகளில் அரும்பு விரியத் தொடங்கும். இலை விரிந்தபின் உறையை நீக்கலாம்.

நாம் ஒட்டிய பத்தில் ஆறு கருகின. கைப்பழக்கம் போதாமையே காரணம். நான்கு பிழைத்தன. மரம் சொன்னபடியே தையிற் தறிக்கப்பட்டது. அடுத்த ஐப்பசியில், மழை தொடங்கும் வேளையில், சகோதரியர் இருவரின் பங்கிலும் ஒவ்வொரு கன்று நட்டோம். மூன்றாவது பாடசாலைக்குச் சென்றது. நான்காவதற்கு வேலியடைக்க நாம் ஒருநாள் தாமதித்தோம். ஆடு அதனைத் தின்றுவிட்டது.

நடும்போது மூன்றடி நீளம், அகலம், ஆழமாகக் குழி வெட்டுதல் நன்று. எமது செம்மண் நிலத்திற் பல இடங்களில் விரைவிலேயே சுண்ணாம்புக்கல் தட்டுப்படும். அங்கே அலவாங்கால் கல்லை உடைத்து வேருக்கு வழிசெய்யாவிடின் மரம் பின்னாளில் காற்றுக்கு நில்லாது. மேல்மண்ணோடு மக்கிய எருவைக் கலந்து குழியை நிரப்பி, ஒட்டிய இடம் நிலமட்டத்துக்கு மேலே நிற்குமாறு நடுக. ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பது ஒட்டுக்கட்டையின் தளிர். அதனைக் கண்டவுடன் கிள்ளிவிட வேண்டும். கவனியாது விட்டால் விரும்பிய மரம் அடங்கி வேண்டாத மரம் ஓங்கிவிடும். முதற் கோடையில் கிடுகால் நிழலிட்டு ஒழுங்காக நீரூற்றுக. முதலிரண்டு மூன்று ஆண்டுகள் பூத்தாலும் பூவைக் கிள்ளிவிடுக. ஒரு மரத்துக்கும் மற்றதற்கும் முப்பதடி இடைவெளி வேண்டும். சிறு வளவில் நெருக்கி வைத்த ஐந்து மரங்களைவிடத் தனித்து நிற்கும் ஒரு மரம் மிகுதியாகக் காய்க்கும்.

எல்லாப் பழமரத்துக்கும் ஒட்டு வேண்டியதில்லை. தேசி பெரும்பாலும் விதையிலும் தாயைப்போல வரும். மாதுளையைத் தண்டு வெட்டி நடலாம். கொய்யாவுக்குப் பதிவைத்தல் ஏற்றது. வாழைக்கோ குட்டியே போதும். பலாவின் விதைக்கன்று மாவைப் போலவே மாறுபடக்கூடும். உங்கள் வளவில் நற்சுவைப் பலா ஒன்று நின்றால் அதற்கும் இக்கட்டுரை பொருந்தும்.

பங்கு பிரித்த வளவின் கன்றுகள் 2022ஆம் ஆண்டு வைகாசியிற் காய்த்தன. மூத்த மகளின் பக்கத்து மரத்தில் ஏழு பழம். அம்மையாருக்கு ஒன்றை வெட்டிக் கொடுத்துவிட்டு, நாமும் மாணவரும் அவர் முகத்தையே பார்த்து நின்றோம். அவர் மென்றுவிட்டு, "முதற்காய்க்கு ருசி வராது தம்பி. அடுத்த வருசம் பாப்பம்" என்றார். எமக்குச் சிறிது ஏமாற்றமே. அடுத்த ஆண்டு இளைய மகளின் மரமும் காய்த்தது. இரு வீட்டுப் பழமும் ஒரே தட்டில் வந்தன. அம்மையார் ஒரு துண்டை உண்டார்; ஒன்றும் சொல்லவில்லை. பின்னர் கையை நீட்டி இன்னொரு துண்டு கேட்டார்.

எமது வளவில் அந்தப் புளிமரம் இன்னும் நிற்கிறது. அதனை நாம் தறிக்கவில்லை. சம்பலுக்கும் ஊறுகாய்க்கும் அதன் காய் உதவுகிறது. அதில் வேறினம் ஒட்டலாமே என்று நண்பர் கேட்பர். ஒட்டலாந்தான். ஆனால் அதில் ஒட்ட நாம் விரும்பிய கொப்பு 2008இல் விறகாயிற்று.

ஆகவே வாசகர்களே, கன்று வாங்கச் சந்தைக்குப் போகுமுன் ஒருமுறை உங்கள் வளவைச் சுற்றி வாருங்கள். பாட்டன் பாட்டி வைத்த மரம், பெயரில்லாத மரம், 'கொல்லைப்புறத்து மா' என்று வீட்டார் மட்டும் அறிந்த மரம் ஏதும் நிற்கிறதா? அதன் பழம் உங்களுக்கு விருப்பமானதா? அவ்வாறாயின் இந்தப் பருவத்துக் கொட்டைகளை எறியாது நட்டுவையுங்கள். மாணவர்கள் இதனை விடுமுறைப் பயிற்சியாகவே மேற்கொள்ளலாம்; பத்தில் ஆறு கருகினும் மனந்தளர வேண்டாம். மரம் நிற்கும்போதே இதனைச் செய்துவிடுங்கள்.